சிறையையும் தோல்வியையும் வெட்டாதீர்கள்: வாழ்க்கைக் குறிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் முதல் தலைமுறைத் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தமிழில் தயாரிக்கும் குழுவினருக்கு,

தேசிய நாளுக்கென நீங்கள் தயாரித்துவரும் காட்சிப் பலகைகளுக்கும் மாணவர் கையேட்டுக்கும் சில விதிகள் வகுத்திருக்கிறீர்கள். ஒருவருக்கு 120 சொல்லுக்கு மேல் கூடாது. கைது, தடுப்புக்காவல், தேர்தல் தோல்வி, பதவி விலகல் ஆகியவற்றைத் தொட வேண்டாம். ஆங்கிலச் சுருக்கம் முடிவானதும் அதைத் தமிழாக்கினால் போதும், தமிழுக்கென்று தனியாக ஆவணம் தேட வேண்டியதில்லை. இப்படித் தயாரான படிகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும்படி எங்களிடம் அனுப்பியிருக்கிறீர்கள். நாங்கள் கையெழுத்திடப் போவதில்லை. ஏன் என்பதைப் பொதுவில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதால் இந்த மடல்.

உங்கள் எண்ணம் புரிகிறது. படிக்கப்போவது மாணவர்கள், சச்சரவு எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் சச்சரவோடு சேர்த்துக் காரண காரியமும் வெட்டுப்பட்டுவிட்டது.

தேவன் நாயரை எடுத்துக்கொள்வோம். உங்கள் படி சொல்வது இவ்வளவுதான்: மலாக்காவில் பிறந்தார், ஆசிரியராக வேலை பார்த்தார், தொழிற்சங்கத் தலைவரானார், 1981ல் சிங்கப்பூரின் மூன்றாவது அதிபரானார். நான்கும் சரியான தகவல்கள். ஆனால் ஓர் ஆசிரியர் எப்படித் தொழிற்சங்கத் தலைவரானார், தொழிற்சங்கத் தலைவர் எப்படி அதிபரானார் என்று ஒரு மாணவி கேட்டால், இந்தப் பலகையைக் கொண்டு எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. பதில் இருப்பது நீங்கள் நீக்கிய பகுதியில்.

ஆசிரியர் சங்கத்திலும் பிரிட்டிஷ் எதிர்ப்பு இயக்கத்திலும் ஈடுபட்டிருந்த அவரை 1951ல் காலனி அரசு பிடித்து, செயின்ட் ஜான்ஸ் தீவில் அடைத்தது. 1953ல் வெளியே வந்தார். 1954 நவம்பர் 21ல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டபோது அதை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 2ல் நடந்த தேர்தலில் அந்தப் புதுக் கட்சி நிறுத்தியது நான்கே வேட்பாளர்களை. தஞ்சோங் பகாரில் லீ குவான் இயூவும், புக்கிட் தீமாவில் 22 வயது லிம் சின் சியோங்கும், புங்கோல்-தெம்பனிசில் கோ சியூ சுவாவும் வென்றார்கள். ஃபேரர் பார்க்கில் தேவன் நாயர் தோற்றார். நால்வரில் தோற்ற ஒரே ஆள் பின்னாளில் நாட்டின் அதிபரானார் என்பதைவிட மாணவருக்குச் சுவையான செய்தி வேறென்ன இருக்க முடியும்? 'தேர்தல் தோல்வி வேண்டாம்' என்ற விதி அதைத்தான் அடித்துவிட்டது.

1956ல் தொழிற்சங்கங்கள் மீதும் சீன நடுநிலைப் பள்ளி மாணவர் அமைப்புகள் மீதும் முதலமைச்சர் லிம் இயூ ஹாக்கின் அரசு நடவடிக்கை எடுத்தபோது மீண்டும் கைதானார். லிம் சின் சியோங், ஃபோங் சுவீ சுவான், எஸ். உட்ஹல், ஜேம்ஸ் புதுச்சேரி ஆகியோரும் அந்தக் காவலில் இருந்தவர்கள். 1959 மே 30ல் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. ஆனால் பதவியேற்பு ஜூன் 5ல்தான். இடையில் ஏன் இத்தனை நாள்? காவலில் இருக்கும் தோழர்கள் வெளியே வராமல் ஆட்சிப் பொறுப்பை ஏற்கமாட்டோம் என்று கட்சி நின்றது. ஜூன் 4ல் எட்டுப் பேர் சாங்கி சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மறுநாள் அமைச்சரவை பதவியேற்றது. சிறையை நீக்கிவிட்டால் சிங்கப்பூரின் முதல் சுயாட்சி அரசு ஏன் அன்று பதவியேற்றது என்பதைக்கூடச் சொல்ல முடியாது. உங்கள் கையேட்டின் வேறொரு பக்கத்தில் 'மே 31 அன்று புதிய அரசு பதவியேற்றது' என்று இருக்கிறது. யாரோ இடைவெளியை நம்ப முடியாமல் தாமே சரிசெய்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறோம்.

அந்த எட்டுப் பேரும் பிறகு ஒரே பாதையில் போகவில்லை. 1961 ஜூலையில் சட்டமன்றம் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காதோர் 16. மக்கள் செயல் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் பாரிசான் சோஷலிஸ் என்ற கட்சியை அமைத்தார்கள். லிம் சின் சியோங், புதுச்சேரி, உட்ஹல் எல்லாரும் பிரிவினர் பக்கம். தேவன் நாயர் லீயோடு நின்றார். தொழிற்சங்கங்கள் பிளவுபட்டபோது அதே ஆண்டில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசை உருவாக்குவதில் முன்னின்றார். 1963 பிப்ரவரி 2ல் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டபோது புதுச்சேரியும் லிம் சின் சியோங்கும் மீண்டும் உள்ளே போனார்கள். ஒரே காவலில் இருந்தவர்கள் சில ஆண்டுகளில் எதிரெதிர் வரிசைக்குப் போனதுதான் அந்தப் பத்தாண்டின் அரசியல். இதில் யார் பக்கம் நியாயம் என்று பலகை தீர்ப்புச் சொல்ல வேண்டாம். யார் எங்கே நின்றார்கள் என்று சொன்னால் போதும்.

அந்த 27இல் ஒரு வாக்கு, மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்சில் வந்த சட்டமன்ற உறுப்பினர் சாஹோரா அகமதுடையது. 51 பேர் அவையில் 26க்கு மேல் ஒரே ஒரு வாக்கு கூடுதல். அவருக்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லை. இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இப்போது விட்டுவிடுகிறோம்.

அடுத்து 1964. மலேசியப் பொதுத்தேர்தலில் தீபகற்பத்தில் போட்டியிட்ட மக்கள் செயல் கட்சி ஒரே ஓர் இடத்தை வென்றது: கோலாலம்பூரின் பங்சார். வென்றவர் தேவன் நாயர். 1965 ஆகஸ்ட் 9ல் சிங்கப்பூர் பிரிந்தபோது அவர் எல்லைக்கு அப்பால் மலேசிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், 1969 வரை அப்படியே இருந்தார். மலேசியாவில் ஜனநாயகச் செயல் கட்சியைத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. உங்கள் படியில் தொழிற்சங்கத் தலைவரானதற்கு (1961) அடுத்த வரி 1981. அந்த இருபது ஆண்டுகளில் அவர் இன்னொரு நாட்டில் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்ததைத் தெரியாமல், மாணவர்கள் அவரைச் சிங்கப்பூரிலேயே இருந்தவராக எண்ணிக்கொள்வார்கள்.

கடைசியில் பதவி விலகல். 1985 மார்ச் 28. இதை எப்படி எழுதுவது என்ற தயக்கம் உண்மையானது. எழுதும் முறை ஒன்று இருக்கிறது: இரண்டு வாக்கியம், இரண்டுக்கும் சொன்னவர் பெயர். 'குடிப்பழக்கமே காரணம் என்று பிரதமர் லீ குவான் இயூ நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதைத் தேவன் நாயர் பின்னாளில் மறுத்தார்.' இதற்கு மேல் அடைமொழி எதுவும் வேண்டாம், கீழேயும் போக வேண்டாம். பிறகு 2005 டிசம்பர் 6ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் இறந்தார் என்று முடியுங்கள். இப்போதைய படியில் அவர் எங்கே இறந்தார் என்பதே இல்லை. கனடா என்று போட்டால் 'அங்கே ஏன் போனார்' என்ற கேள்வி வருமே என்று விட்டிருப்பீர்கள். வரட்டும்.

இந்தக் குறிப்பில் இன்னொரு பிழை. தேவன் நாயரின் பெயருக்கு முன் வரும் 'சி. வி.' என்பதைத் தந்தை பெயரின் முதலெழுத்துகள் என்று விளக்கியிருக்கிறீர்கள். அது செங்கர வீட்டில் என்னும் வீட்டுப்பெயர். மலையாளிகளின் பெயரில் இப்படி வருவது வழக்கம். தமிழ்ப் பழக்கத்தை அப்படியே பொருத்தியதால் வந்த குழப்பம். எதிர்த்திசையில், எஸ். ராஜரத்தினத்தின் 'எஸ்' சின்னத்தம்பி, அது தந்தை பெயர்தான். யூசோஃப் இஷாக்கை இரண்டு இடத்தில் 'திரு இஷாக்' என்று குறித்திருக்கிறீர்கள். இஷாக் அவருடைய தந்தை, அவர் திரு யூசோஃப். கோ கெங் சுவீயை 'டாக்டர் சுவீ' ஆக்கியிருக்கிறீர்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், டாக்டர் கோ என்பதே சரி. நான்கு இனத்தவர் சேர்ந்து வாழும் ஊரில் தமிழ்ப் பலகை மட்டும் இதில் தடுமாறுவது மற்றவர் கண்ணில் உடனே படும்.

'சிறைத்தண்டனை' என்று இரண்டு மூன்று படிகளில் கண்டோம். விதியை மீறி யாரோ எழுதியிருக்கிறார்கள், அதையும் தப்பாக எழுதியிருக்கிறார்கள். 1951, 1956, 1963 ஆகிய மூன்றிலும் நடந்தது விசாரணையின்றி வைத்த தடுப்புக்காவல். குற்றச்சாட்டும் இல்லை, தீர்ப்பும் இல்லை. தண்டனை என்று போட்டால் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னதாக ஆகிவிடும். 1951 கைதுக்குப் பயன்பட்டவை அவசரகால விதிகள். 1956க்கும் 1963 பிப்ரவரிக்கும் பயன்பட்டது 1955ல் வந்த பொதுப் பாதுகாப்பு அவசரச் சட்டம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் மலாயாவில் 1960ல் இயற்றப்பட்டு, மலேசியா அமைந்த பிறகே சிங்கப்பூருக்கு வந்தது. அதை எடுத்து 1951க்கு ஒட்டக்கூடாது. உண்மையாகவே வழக்கு நடந்த நிகழ்வும் உண்டு. 1954ல் மலாயாப் பல்கலைக்கழகச் சோஷலிஸ்ட் மன்றத்தின் இதழில் வந்த கட்டுரைக்காக எட்டு மாணவர்கள் மீது அரச நிந்தனை வழக்குப் போட்டார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி அவர்களில் ஒருவர், கவிஞர் எட்வின் தம்பு இன்னொருவர். மாணவர்களுக்காக வாதாட லண்டனிலிருந்து டி. என். பிரிட் வந்தார், இளைய வழக்கறிஞராக லீ குவான் இயூ. அதே ஆண்டு ஆகஸ்டில் எட்டுப் பேரும் விடுதலை. இது வழக்கு, அது காவல். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் இரண்டும் பொய்யாகும்.

ராஜரத்தினம் குறிப்புக்கு வருவோம். 'சிரம்பானில் பிறந்தார்' என்பது தவறு. பிறந்தது 1915 பிப்ரவரி 25, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில். குடும்பம் சிரம்பானில் இருந்தது, தந்தை ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளர். பிரசவம் சொந்த ஊரில் நடக்கவேண்டும் என்று போய், கைக்குழந்தையோடு திரும்பினார்கள். இதே போல் ஜே. பி. ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். எங்கே பிறந்தார் என்பதும் எங்கே வளர்ந்தார் என்பதும் இரண்டு தனிக் கட்டம். ஒன்றாக்கும்போதுதான் பிழை வருகிறது.

ராஜரத்தினம் பிறந்த ஆண்டை ஒரு படியில் 1914 என்று கண்டோம். எப்படி நேர்ந்திருக்கும் என்று சொல்கிறோம், மற்றவர்களுக்கும் உதவும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது, அதாவது ஏப்ரல் நடுவில். ஆனந்த ஆண்டு 1914 ஏப்ரலில் தொடங்கி 1915 ஏப்ரல் வரை ஓடியது. மாசி மாதம் பிறந்தவருக்கு ஆனந்த என்று கண்டு, பஞ்சாங்க அட்டவணையில் 'ஆனந்த: 1914' என்று பார்த்து எழுதினால் ஓராண்டு பின்னால் போய்விடும். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கும், மார்கழிக் கடைசியில் பிறந்தவர்களுக்கும் அட்டவணையில் உள்ள ஆண்டோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஜாதகம், கல்வெட்டு, நினைவு மலர் எதிலிருந்து தேதி எடுத்தாலும் முதலில் செய்யவேண்டிய சோதனை இதுதான். அறுபதாண்டுச் சுற்று என்பதால் வேறொரு சுற்றின் ஆண்டு நுழைந்துவிடும் ஆபத்தும் உண்டு. அது பெரிய பிழை என்பதால் எளிதில் அகப்படும். ஓராண்டுப் பிழைதான் யார் கண்ணிலும் படாமல் நிலைத்துவிடும்.

'லண்டனில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார்' என்பதும் சரியல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சட்டம் படிக்கப் போனார், போர் வந்தது, படிப்பு முடியவில்லை. எழுத்தில் பிழைத்தார். அங்கே ஹங்கேரியரான பிரோஸ்கா ஃபெஹரை மணந்து, போருக்குப் பின் ஊர் திரும்பிப் பத்திரிகையாளரானார். 1959ல் கம்போங் கிளாமில் வென்று கலாசார அமைச்சரானார். வெளியுறவு அமைச்சர் 1965 முதல் 1980 வரை. இடையில் 1968 முதல் 1971 வரை தொழிலாளர் அமைச்சையும் சேர்த்துப் பார்த்தார். இந்தக் கடைசி வரி உங்கள் படியில் இல்லை. வேலைவாய்ப்புச் சட்டம் வந்த ஆண்டு 1968, பிரிட்டிஷ் படை வெளியேறுவதாக அறிவித்ததும் அந்த ஆண்டில்தான். தொழிலாளர்களிடம் கசப்பான செய்தி சொல்லும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது என்பது சிறிய விவரம் அல்ல.

தேசிய உறுதிமொழியை '1965ல் எழுதினார்' என்று போட்டிருக்கிறீர்கள். 1966 தொடக்கத்தில் கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் கேட்டுக்கொண்டதால் ராஜரத்தினம் வரைவு எழுதினார், லீ குவான் இயூ திருத்தினார். பள்ளிகளில் முதலில் ஒலித்தது 1966 ஆகஸ்ட் 24. மூன்று பேர் கை பட்டது, ஓராண்டு கழித்து வந்தது. ஆசியான் பிறந்த 1967 ஆகஸ்ட் 8ல் பேங்காக்கில் சிங்கப்பூர் சார்பில் கையெழுத்திட்டவர் அவர். இது உங்கள் படியில் சரியாக இருக்கிறது.

ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் போட்ட இன்னொரு கையெழுத்து இல்லை. பிரிவினை ஒப்பந்தத்தின் தேதி 1965 ஆகஸ்ட் 7. கோலாலம்பூருக்கு வரவழைக்கப்பட்ட ராஜரத்தினமும் துணைப் பிரதமர் டோ சின் சாயும் கையெழுத்திட மறுத்தார்கள். வேறு வழியில்லை என்று மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் டோவுக்கு எழுதிய கடிதத்தைக் கண்ட பிறகே பணிந்தார்கள். டோ பேராக்கைச் சேர்ந்தவர், ராஜரத்தினம் சிரம்பானில் வளர்ந்தவர். அவர்களுக்கு அது சொந்த ஊரை வெளிநாடாக்கிய கையெழுத்து. இதை எழுதினால் அவர்களுடைய நாட்டுப்பற்றுக்குக் குறை வரும் என்று நினைத்தீர்களா? 'பல்லின நாடு' என்ற எண்ணத்தில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

பதவிப் பெயர்களும் ஆண்டுகளும் பொருந்தாமல் கிடக்கின்றன. சுருக்கமாகச் சொல்கிறோம். 1955 முதல் 1959 வரை சிங்கப்பூரில் இருந்தது முதலமைச்சர் பதவி, முதலில் டேவிட் மார்ஷல், பிறகு லிம் இயூ ஹாக். பிரதமர் பதவி 1959 ஜூன் 5ல் தொடங்குகிறது. யூசோஃப் இஷாக் 1959 டிசம்பர் 3ல் ஏற்றது யாங் டி பெர்துவான் நெகாரா (நாட்டுத் தலைவர்) பதவி. கொடியும் சின்னமும் நாட்டுப்பண்ணும் அதே நாளில் அறிமுகமாயின. அவரை '1959ல் அதிபரானார்' என்று எழுதக்கூடாது. '1965 ஆகஸ்ட் 9ல் அதிபராகப் பதவியேற்றார்' என்பதும் நுணுக்கமாகப் பார்த்தால் பிழை. நாடாளுமன்றம் கூடியது டிசம்பர் 8. அந்த மாதம் 22ல் நிறைவேறிய சட்டம் ஆகஸ்ட் 9 முதல் செல்லும் என்று பின்தேதியிட்டு அவரை அதிபராக்கியது. ஆகஸ்ட் 9ல் பதவியேற்பு விழா எதுவும் இல்லை, ஆகவே உங்கள் பலகையில் 'அதிபர் பதவியேற்பு, 9.8.1965' என்ற விளக்கத்தோடு உள்ள படம் வேறு ஏதோ நிகழ்ச்சி. படத்தின் பின்புறக் குறிப்பைப் பார்த்து மாற்றுங்கள். 1965 டிசம்பருக்கு முன் எல்லாரும் 'சட்டமன்ற உறுப்பினர்', அதன் பின் 'நாடாளுமன்ற உறுப்பினர்'. இதை ஒரு தாளில் எழுதி எழுதுவோர் மேசையில் ஒட்டிவைத்தால் பாதிப் பிழை குறையும்.

'வெளிநாட்டில் பிறந்தும்' என்ற தொடர் தேவன் நாயர், கோ கெங் சுவீ இருவருக்கும் போடப்பட்டிருக்கிறது. இருவரும் மலாக்காவில் பிறந்தவர்கள். அவர்கள் பிறந்தபோது மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சிப் பகுதி, 1946 வரை அப்படித்தான். இன்றைய எல்லைக்கோட்டை 1918க்கும் 1923க்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இனி ஆள் தேர்வு. அமைச்சர், அதிபர் பதவி வகித்தவர்களுக்கு மட்டும் தனிப் பலகை என்றதால் கோ. சாரங்கபாணி ஒரு வரியில் அடங்கிவிட்டார், ஜெயரத்தினம் இல்லவே இல்லை. சாரங்கபாணி 1903ல் திருவாரூரில் பிறந்து 1924ல் சிங்கப்பூர் வந்தவர். 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935 ஜூலை 6ல் ஒரு காசு விலையில் தமிழ் முரசு, 1952 முதல் தமிழர் திருநாள். உங்கள் ஒரு வரியும் '1935ல் நாளிதழ் தொடங்கினார்' என்று பிழையாக இருக்கிறது, வார இதழாகத் தொடங்கிப் பின்னர்தான் நாளிதழாயிற்று. பெரனாக்கான் சீனப் பெண்ணான லிம் பூன் நியோவை 1937ல் மணந்ததைச் சொல்லாமல் அவருடைய சீர்திருத்தத்தைச் சொல்வது எப்படி? 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர்களைப் பதிந்துகொள்ளும்படி விடாமல் வலியுறுத்தியவர் அவர். அந்தப் பதிவு இல்லாவிட்டால் உங்கள் பலகையைப் படிக்கப்போகும் பலருடைய குடும்பங்கள் இங்கே இருந்திருக்குமா என்பதே ஐயம்.

ஜெயரத்தினத்தை விட்டதற்கு அவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. தேவன் நாயர் அதிபரானதால்தான் ஆன்சன் தொகுதி காலியானது. 1981 அக்டோபர் 31ல் அங்கே நடந்த இடைத்தேர்தலில் ஜெயரத்தினம் வென்று, சுதந்திரத்துக்குப் பின் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எதிர்க்கட்சி உறுப்பினரானார். ஒருவர் வாழ்க்கை இன்னொருவர் வாழ்க்கையின் கதவைத் திறந்திருக்கிறது. 1986ல் நீதிமன்றத் தண்டனையால் அந்த இடத்தை இழந்ததையும், 1988ல் லண்டனிலுள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வழக்கறிஞர் பட்டியலில் அவர் பெயரை மீண்டும் சேர்த்ததையும் அடுத்தடுத்த வரிகளில் போடுங்கள். இது உண்மையிலேயே தண்டனை, இங்கே அந்தச் சொல் பொருந்தும்.

இனி வேலை செய்யும் வரிசை. ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து தொடங்கும்வரை இந்தப் பிழைகள் தீரா. அந்தச் சுருக்கமே ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வெட்டப்பட்டது, தமிழுக்கு வரும்போது அது நான்காவது வெட்டு. ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு காலவரிசைத் தாள் போடுங்கள். மூன்று பத்தி: தேதி, நிகழ்ச்சி, எங்கிருந்து எடுத்தது. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் வரி பலகைக்குப் போகக்கூடாது. வாக்கெடுப்புக்கும் அவையில் பேசியதற்கும் அவைக்குறிப்பு, நியமனத் தேதிக்கு அரசிதழ், கூட்டத்துக்கும் கைதுக்கும் அன்றைய செய்தித்தாள். செய்தித்தாளில் ஒரு பொறி உண்டு: இதழின் தேதி நிகழ்ச்சியின் தேதி அல்ல, பெரும்பாலும் மறுநாள். வார இதழானால் இன்னும் தள்ளிப்போகும். 'நேற்று', 'கடந்த ஞாயிறு' என்று செய்திக்குள் இருப்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

தமிழ் முரசின் பழைய இதழ்களில் தேடும்போது பெயரைத் தட்டி, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். அந்தக் கால அச்சில் ளை, லை, னை, ணை ஆகியவை கொம்பு வைத்த பழைய வடிவிலும், ணா, றா, னா சுழித்த வடிவிலும் இருக்கலாம். அச்செழுத்தைப் படித்துத் தேடும் இயந்திரம் இவற்றைப் பெரும்பாலும் தப்பாகவே படிக்கும். 'பிள்ளை' என்று தேடினால் கிடைக்காதது, அந்த எழுத்து இல்லாத பகுதியை மட்டும் கொடுத்தால் கிடைக்கும். அதிலும் வராவிட்டால் ஆங்கில நாளிதழில் தேதியைக் கண்டுபிடித்து, முரசின் அந்த வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி. வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளை ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள், தேதிக்கு நம்பாதீர்கள். அந்தப் பேட்டிகளை எடுக்கும் மையமே 1979ல்தான் தொடங்கியது. முப்பது நாற்பது ஆண்டு கழித்துச் சொல்பவருக்கு 1955 தேர்தலும் 1959 தேர்தலும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும்.

சொல் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று. ஆங்கிலத்தில் 120 சொல் ஓடும் இடத்தில் தமிழ்ச் சொற்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் நீளத்தில் கூடுதலாகவும் வரும். கட்டம் ஆங்கிலத்துக்கு அளந்து போட்டது. தமிழ் வழிந்ததும் வடிவமைப்பாளர் எழுத்தைச் சிறிதாக்குகிறார், அதுவும் போதாதபோது கடைசி வரியை வெட்டுகிறார். காலவரிசையில் கடைசி வரி எப்போதும் இறப்பு அல்லது விலகல். தேவன் நாயர் எங்கே இறந்தார் என்பது காணாமல் போனதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

எனவே நாங்கள் கேட்பது இவை. கைது, காவல், தோல்வி, விலகல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லும் விதியை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். 120 சொல் வரம்பை நீக்கிப் பலகைக்கு 250 தமிழ்ச் சொல், கையேட்டுக்கு 600 என்று வையுங்கள், வடிவமைப்பில் தமிழ்க் கட்டத்துக்குக் குறைந்தது கால் பங்கு கூடுதல் இடம் முதலிலேயே ஒதுக்குங்கள். தமிழ்க் குறிப்புகளைக் காலவரிசைத் தாளிலிருந்து தமிழிலேயே எழுதச் செய்யுங்கள், அந்தத் தாள்களை ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். சாரங்கபாணிக்கும் ஜெயரத்தினத்துக்கும் தனிப் பலகை வேண்டும், சாஹோரா அகமதுக்குக் குறைந்தது 1961 வாக்கெடுப்புப் பலகையில் பெயர் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, இடம், இடமிருந்து வலமாகப் பெயர் ஆகிய மூன்றும் இல்லாமல் அச்சுக்கு விடாதீர்கள். கையேட்டில் ஏற்கெனவே அச்சான படிவங்கள் இருந்தால் அவற்றை வீணாக்க வேண்டாம், பிழைதிருத்தத் தாள் ஒன்றை உள்ளட்டையில் ஒட்டி அனுப்புங்கள்.

தேவன் நாயர், ராஜரத்தினம், யூசோஃப் இஷாக் மூவருக்கும் காலவரிசைத் தாள் தயாரித்து இந்த மடலின் படியோடு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மற்றவர்களுடையதை நீங்கள் தொடங்குங்கள், சரிபார்த்துத் தருகிறோம். கையெழுத்து அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
படிகளைச் சரிபார்க்கும் பொறுப்பிலுள்ளோர்